முகட்டுக்குக் கீழே ஒரு சுவர்

ஆகஸ்ட் 19, சனி

பள்ளி இல்லை. எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தபோது, களத்தில் ஒரு பெண் நின்று எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். தலையில் துணித் தொப்பி, கையில் நீளமான அளவு டேப்பு, தோளில் ஒரு பை. ஏதோ இன்சூரன்ஸ் விஷயம் என்று நினைத்து உள்ளே போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் வணக்கம் சொல்லிவிட்டாள்.

பெயர் ஜெசிந்தா. கோயம்புத்தூரில் ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில் பாடம் நடத்துகிறாளாம். சொந்த ஊர் நாசரேத் பக்கம். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே தோட்டங்களில் இருக்கிற ஓலைச் சாளை வீடுகளைத் தேடித் தேடி அளந்து, படம் வரைந்து புத்தகம் போடப்போகிறாளாம். இதுவரை முப்பத்தொரு வீடு பார்த்தாயிற்றாம்.

“இவ்வளவு நீளமான ஓலைக் கூரைய நான் எங்கயும் பாக்கல டீச்சர்,” என்றாள்.

நான் டீச்சர் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“அந்தப் பக்கம் கேட்டேன். அவங்கதான் சொன்னாங்க.”

ஆக, முதலில் அங்கே போயிருக்கிறாள். மோரில் கொத்தமல்லி போட நினைத்திருந்தேன். போடாமல் கொடுத்தேன்.

“இது ஒரு வீடுங்களா, ரெண்டு வீடுங்களா?”

“கூரை ஒண்ணு. வீடு ரெண்டு.”

அந்தப் பக்கம் என்பது என் கணவரின் அண்ணன் மனைவி. என்னைவிட நான்கு வயது மூப்பு. கணவர் இல்லை, பிள்ளை இல்லை. எனக்கும் கணவர் இல்லை, ஒரு பையன் திருப்பூரில் இருக்கிறான். முன்னறை ஒன்றாக நீளமாக இருந்தது. இங்கே அதை ஆசாரம் என்போம். பதினொரு வருடமாக அதன் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. பதினொரு வருடமாக நாங்கள் பேசுவதில்லை. இதைத் தவிர எங்களுக்குள் எந்தப் பிரச்சினையும் இல்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஜெசிந்தா காலை ஏழு மணிக்கே வந்து அளக்க ஆரம்பித்துவிட்டாள். நான் தையல் ஆசிரியை. முப்பது வருடமாகப் பெண் பிள்ளைகளுக்கு அளவெடுக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். அவள் டேப்பைப் பிடித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. தொய்வு இல்லை.

வீட்டின் நீளம் அறுபத்திரண்டு அடி. மண் சுவர் ஒன்றரை முழம் கனம். கூரை விளிம்பான இறவாரம் இவ்வளவு தாழ்வாக ஏன் இருக்கிறது, எல்லோரும் குனிந்துதானே வர வேண்டும் என்று நான் கேட்டதற்கு, ஆடிக் காற்று கூரைக்கு அடியில் புகுந்து தூக்கிவிடாமல் இருக்கத்தான் என்றாள். முப்பத்தைந்து வருடமாக இந்த வீட்டில் தலையில் இடித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் இதை எனக்குச் சொன்னதில்லை.

“கூரை முழுக்க ஒரு ஆணி கூட இல்ல டீச்சர். எல்லாம் பனை நாரு. கட்டுதான்.”

கைத்தையல் மாதிரி என்றேன். அவளுக்கு அது பிடித்துப்போய் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வீட்டின் வரலாறு கேட்டாள். சொன்னேன். என் கணவரின் பாட்டனார் ஊருக்குள் தம்பியோடு ஒரு கிணற்றுப் பங்கில் சண்டை போட்டுக்கொண்டு கோபித்து வந்து, ஒரு வெள்ளாமை முடியும்வரை இருக்கலாம் என்று இந்தத் தோட்டத்தில் சாளை போட்டார். வாசலைக்கூட ஊருக்கு முதுகு காட்டித்தான் வைத்தார். தம்பி வந்து சமாதானம் சொன்னால் திரும்பிப் போவதாக இருந்தார். தம்பி வரவில்லை. வெள்ளாமை நூறு முடிந்துவிட்டது.

“அந்தப் பக்கம் இதையேதான் சொன்னாங்க. ஆனா சண்டை கிணத்துக்கு இல்லயாம், ஒரு காளைக்காம்.”

கிணறுதான். அதுக்கு என்ன தெரியும்.

ஆகஸ்ட் 23, புதன்

கூரையில் எலி. அந்தப் பக்கத்து எலி.

ஆகஸ்ட் 26, சனி

ஜெசிந்தா இன்று சுவரைப் பற்றி ஆரம்பித்தாள்.

“மத்ததெல்லாம் மண்ணு. இது மட்டும் சிமெண்டுக் கல்லு. எப்ப வந்தது டீச்சர்?”

“பதினோரு வருசமாச்சு.”

“யாரு கட்டினது?”

“கொத்தனாரு.”

அவள் என்னையே பார்த்தாள். நான் எருமைக்குத் தண்ணீர் காட்டப் போனேன். அதற்கு ஏற்கெனவே காட்டியாகிவிட்டது.

அந்தச் சுவர் ஏழடி உயரம்தான். அதற்கு மேல் முகடுவரை வெறும் காற்று. எனவே அந்தப் பக்கம் கடுகு தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். அந்தப் பக்கம் இருமினால் எத்தனை தடவை என்று எனக்குத் தெரியும். இந்த மாதம் காலையில் ஒன்பது, பத்து என்று இருமுகிறது, போன மாதம் ஆறுதான். வானொலியில் சிரிப்பு நாடகம் போட்டால் அந்தப் பக்கம் சத்தமாகச் சிரிக்கும். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வேன்.

மாலையில் ஜெசிந்தா வீட்டின் படத்தைக் காட்டினாள். மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்திருக்கிறாள். அளவு சரியாக இருக்கிறதா என்று சரிபார்ப்பதற்காகத்தான் அந்தப் பக்கத்தையும் பார்த்தேன். கட்டில், குதிர், பானை எல்லாம் குறித்திருந்தாள்.

“ஒரு வேடிக்கை பாருங்க. ரெண்டு பேரும் கட்டிலை இந்தச் சுவத்த ஒட்டியே போட்டிருக்கீங்க. அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. நடுவுல ஆறு அங்குலம்.”

“அங்கதான் காத்து வரும்.”

“அங்க ஜன்னலே இல்லயே டீச்சர்.”

இந்தக் காலத்தில் படித்தவர்கள் எல்லாவற்றுக்கும் காரணம் கேட்கிறார்கள்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

கெட்ட செய்தி.

வீட்டின் முகடு ஒரே மரம் என்று நினைத்திருந்தேன். இரண்டு பனைமரமாம். இரண்டும் நடுவில் வந்து ஒரு வெள்வேல மரத் தூணின் கவையில் தலை வைத்துப் படுத்திருக்கின்றன. அந்த நடுத்தூணைத்தான் பதினொரு வருடத்துக்கு முன் சிமெண்டுச் சுவர் விழுங்கிவிட்டது. கவை மட்டும் சுவருக்கு மேலே தெரிகிறது.

ஜெசிந்தா சுவரின் மேல் வரிசையில் ஆட்டம் கண்டிருந்த ஒரு கல்லைப் பெயர்த்து, உள்ளே தெரிந்த தூணில் திருப்புளியை வைத்து அழுத்தினாள். பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. கரையான். ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் போர்வை போல் மூடிக்கொண்டதால் உள்ளேயே தின்றிருக்கிறது.

“நூறு வருஷம் ஒண்ணும் ஆகல. சுவத்துக்கு அப்புறம்தான் டீச்சர்.”

பெயர்த்த கல்லை எடுத்து ஓரமாக வைத்தேன்.

சுவரை எடுத்துவிட்டு, முகட்டுக்கு முட்டுக் கொடுத்து, தூணை மாற்ற வேண்டும். மழைக்கு முன்னால் செய்யாவிட்டால் கூரை உட்காரும். என் பாதி மட்டும் அல்ல, இரண்டு பாதியும். கட்டில்களை உடனே ஓரத்துக்கு மாற்றச் சொன்னாள். மாற்றிவிட்டேன். சுவரின் அந்தப் பக்கமும் கட்டில் இழுபடும் சத்தம் கேட்டது. இன்று வீடு ஏனோ பெரிதாக இருக்கிறது.

ஆகஸ்ட் 30, புதன்

நவநீதனுக்குப் போன் செய்து சொன்னேன். என் மகன் எதையும் சீக்கிரம் முடிக்கிறவன்.

“இடிச்சுப்போடலாம்மா. ஒரே நாள் வேலை. நீங்க திருப்பூர் வந்துருங்க. அப்பறம் மெதுவா ஒரு கான்கிரீட்டுத் தார்சு வீடு கட்டிக்கலாம்.”

“அந்தப் பக்கம்?”

“பெரியம்மா மூலனூர்ல அவிய தம்பி வீட்டுக்குப் போயிக்கிறேன்னாங்க. ஞாயித்துக்கிழமையே போன் பண்ணிச் சொல்லீட்டாங்க.”

இவன் அங்கே பேசுகிறான் என்பது எனக்குத் தெரியாததுபோல் இருந்து வருகிறேன். ஒவ்வொரு தடவை வரும்போதும் ஏப்பத்தோடுதான் என் வாசலில் நுழைவான்.

மூலனூருக்குப் போகட்டும். எனக்கு என்ன. அந்தத் தம்பி மனைவி உப்புச் சப்பில்லாமல் சமைப்பாள் என்று கேள்வி. அதுவும் எனக்குத் தேவையில்லாத விஷயம்.

மதியச் சோறு அப்படியே இருந்தது. எருமைக்கு வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 2, சனி

கூரை மேய்கிற மாரப்பண்ணன் வந்தார். போன நான்கு தடவையும் அவர்தான் மேய்ந்தார், ஆனால் என் பாதியைத் தனியாக, அந்தப் பக்கத்தைத் தனியாக, வேறு வேறு வருடத்தில். இரண்டும் சேரும் இடத்தில் ஒழுகும். மடிப்பு விடாமல் இரண்டு துணியை வைத்துத் தைத்தால் பிரியத்தானே செய்யும். அந்த இடத்தில் நான் ஒரு குண்டா வைப்பேன். சத்தத்தை வைத்துப் பார்த்தால் அந்தப் பக்கம் பித்தளை அண்டா வைக்கிறது.

மாரப்பண்ணன் தூணை விரலால் தட்டிப் பார்த்தார். அப்படியே நான்கு அடி பின்னால் போனார்.

“இதுக்கு மேல நான் ஏறமாட்டேனுங்க டீச்சரம்மா. எனக்குப் பேரன் பேத்தி இருக்குது.”

“தூணை மாத்துனா?”

“மாத்துனா ஏறுவேன். ஆனா ஒரே மூச்சுல, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மேயோணும். பாதி பாதியா மேஞ்சு என்ற பேரே கெட்டுப்போச்சு. ‘மாரப்பன் மேஞ்ச கூரை ஒழுகுது’ங்கிறாங்க. ஒழுகுறது நானுங்களா, நீங்க ரெண்டு பேரும் பேசாததுங்களா?”

டீ கொடுத்தேன்.

சுவரை எடுப்பதைப் பற்றி ஜெசிந்தா அந்தப் பக்கம் பேசப் போனாள். பத்தடி தூரம்தான். ஆனாலும் வெளியே போய், களத்தைச் சுற்றி, அந்த வாசலில் குனிந்து நுழைய வேண்டும். அங்கே பேசுவது எனக்கு நன்றாகவே கேட்டது. இருந்தும் அவள் திரும்பி வந்து சொல்லும்வரை காத்திருந்தேன்.

“கட்டுனவங்கதான் இடிக்கணுமாம்.”

“தூணு பொதுன்னு சொல்லும்மா.”

போனாள். வந்தாள்.

“தூணு பொதுதானாம். சுவரு பொது இல்லயாம்.”

“அப்படின்னா சுவத்துல அந்தப் பக்கம் சாணி பூசுனது யாருன்னு கேளு.”

ஜெசிந்தா தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். “டீச்சர், நான் கட்டடம் அளக்க வந்தேன். எனக்கு மூச்சு வாங்குது.”

செப்டம்பர் 3, ஞாயிறு

சமையலறைகளுக்கு நடுவில் இருப்பது பழைய மண் சுவர். என் மாமியார் காலத்திலிருந்தே அதில் ஒரு பொந்து உண்டு. ஒரு தட்டு நுழையும் அளவு. ஜெசிந்தா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். அடைத்திருந்த இடத்தில் மண்ணின் நிறம் வேறு.

“இது எதுக்கு டீச்சர்?”

“குழம்பு குடுக்க வாங்க. நெருப்புக் கேக்க.”

“ஏன் அடைச்சீங்க?”

“எலி.”

“ஏழடிச் சுவரும் எலிக்காகத்தானா?”

மாணவிகள் யாராவது இப்படிக் கேட்டால் வெளியே நிற்கச் சொல்லியிருப்பேன்.

செப்டம்பர் 9, சனி

இன்று ஜெசிந்தா அந்தப் பக்கத்திலிருந்து வந்து நோட்டை மூடி வைத்தாள். பிறகு சொன்னாள். “அவங்க சொல்லிட்டாங்க டீச்சர். சக்கரைக்காரருக்கு நான் ஒப்புட்டுக் குடுத்தேன், தப்பு எம்மேலதான், அவ சுவரு கட்டுனது சரிதான்னு சொல்றாங்க.”

பதினொரு வருடமாக அந்தப் பக்கம் என்ன சொன்னாலும் பதில் சொல்ல நான் தயாராக இருந்தேன். எருமை கட்டுவது பற்றி, களம் பெருக்குவது பற்றி, எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. இதற்கு இல்லை.

இங்கே எழுதிவிடுகிறேன். இதை வேறு யாரும் படிக்கப்போவதில்லை.

என் கணவருக்கு ஆறு வருடம் சர்க்கரை. நான் சோற்றைக் கரண்டியால் அளந்து போடுவேன். அவர் இனிப்பு தொடக் கூடாது என்று நானும் தொடாமல் இருந்தேன். ஒரு நாள் மதியம் நெஞ்சு அடைத்து, ஆஸ்பத்திரி போவதற்குள் போய்விட்டார். அன்று சர்க்கரை அவருக்குச் சரியாகவே இருந்தது என்று டாக்டர் சொன்னார். ஒப்புட்டு என்கிற அந்தப் போளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது அன்றே எனக்குத் தெரியும்.

காரியம் முடிந்து அவர் சட்டைகளை மடித்தபோது ஒன்றின் பையில் ஒரு ஒப்புட்டு இருந்தது. காகிதத்தில் சுற்றி, எறும்பு மொய்த்து. பொந்து வழியாக வந்திருக்கிறது. அந்தப் பக்கத்திடம் போய்க் கேட்டேன். “ஆமா, நான்தான் குடுத்தேன்” என்றது.

அவர் அங்கே கேட்டிருக்கிறார். என்னிடம் கேட்கவில்லை. இருபத்துநான்கு வருடம் கூட வாழ்ந்தவரை, ஒரு தின்பண்டத்தை ஒளித்துத் தின்கிற அளவுக்குப் பயமுறுத்தி வைத்திருக்கிறேன்.

அந்தப் பக்கம் பழனிக்குப் போன இரண்டு நாளில் கொத்தனாரைக் கூப்பிட்டேன். திரும்பி வந்து சுவரைப் பார்த்துவிட்டு அது ஒன்றும் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளிப்புறமாகச் சுற்றிப் போனது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அன்றே இடித்திருப்பேன். அல்லது இன்னும் மூன்றடி உயர்த்தியிருப்பேன். தெரியவில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

நான்கு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டினேன். நான்கும் இடது கை.

செப்டம்பர் 16, சனி

மதியம் இரண்டு மணிக்குக் காற்றும் மழையும் சேர்ந்து வந்தது. நான் சமையலறையில் இருந்தேன். தலைக்கு மேல் யாரோ பெரிதாக முனகுவதுபோல் ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால், முகடு நான்கு விரல் இறங்கியிருந்தது. நடுத்தூணிலிருந்து தூள் கொட்டியது.

“அக்கா” என்று யாரோ கத்தினார்கள். நான்தான் போலிருக்கிறது.

மழைச் சத்தத்தில் அந்தப் பக்கத்திலிருந்து பதில் கேட்கவில்லை. வெளியே பாய்ந்து, முன்பக்கமாகச் சுற்றி அந்த வாசலில் நுழைந்தேன். தலையில் இடித்துக்கொண்டேன். உள்ளே யாரும் இல்லை. ஆசாரத்தில் இல்லை, அடுப்படியில் இல்லை. கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தேன். பின்வாசல் திறந்து கிடந்ததால் அந்த வழியாக ஓடி, பின்பக்கமாகச் சுற்றி என் வீட்டுக்கு வந்தேன். அங்கே தரை முழுவதும் ஈரக் கால்தடம். என்னுடையது இல்லை. என் கட்டில் விரிப்பு கீழே கிடந்தது, யாரோ அடியில் பார்த்த மாதிரி.

நான் முன்பக்கமாகப் போனபோது அவள் பின்பக்கமாக என்னைத் தேடி வந்திருக்கிறாள். நான் இல்லை என்றதும் முன்பக்கமாகத் திரும்பி ஓடியிருக்கிறாள். இப்படி வீட்டை எத்தனை சுற்று சுற்றினோம் என்று சரியாகத் தெரியவில்லை. வைக்கோல் போருக்கு மறுபுறத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மாரப்பண்ணன் மூன்று என்கிறார். மழைக்கு ஒதுங்கி நின்றவர் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். விளையாடுகிறோம் என்று நினைத்தாராம்.

நான்காவது சுற்றில் நான் திசை மாறினேன். வைக்கோல் போர் ஓரத்தில் நேருக்கு நேர் முட்டிக்கொண்டோம். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தோம். அவளுக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. தினமும் தூரத்தில் பார்க்கிற முடிதான். பக்கத்தில் இன்றுதான் பார்க்கிறேன்.

பதினொரு வருடம் கழித்து அக்கா என்னிடம் சொன்ன முதல் வார்த்தை:

“எருமைய அவுத்துட்டயா?”

அவிழ்க்கவில்லை. இரண்டு பேரும் போய் அவிழ்த்தோம்.

செப்டம்பர் 17, ஞாயிறு

மாரப்பண்ணன் நேற்றே ஆள் கூட்டி வந்து நான்கு பனங்கட்டைகளை முட்டுக் கொடுத்துவிட்டார். ஜெசிந்தா காலையில் லாரிக்காரரிடம் இரண்டு ஜாக்கி வாங்கி வந்தாள். நவநீதனும் வந்தான், இந்தத் தடவை ஏப்பம் இல்லாமல். முகட்டை மெதுவாகத் தூக்கி நிறுத்தினார்கள். அடுத்தது சுவர்.

கட்டினவள்தான் இடிக்க வேண்டும் என்று பேச்சு வந்ததால் கடப்பாரையை நான் வாங்கினேன். ஓங்கி ஒரு போடு போட்டேன். கடப்பாரை துள்ளி என் முழங்கையில் அடித்தது. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. இன்னொரு போடு. அதே கதை.

அக்கா வந்து கல்லைத் தடவிப் பார்த்தாள்.

“கெட்டியாத்தான் கட்டியிருக்கான். எந்தூருக் கொத்தனாரு?”

“வெள்ளகோயில்.”

“நல்ல வேலைக்காரன். நம்ம மாட்டுத் தொட்டிக்கு இவனையே கூப்பிட்டிருக்கலாம்.”

நவநீதன் கடப்பாரையை வாங்கிக்கொண்டு எங்களை வெளியே போகச் சொன்னான். வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். உள்ளே கல் விழ விழ, இறவாரத்துக்கு அடியிலிருந்து புழுதி வந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். வாய் கேட்டுவிட்டது.

“அவரு உங்ககிட்ட எத்தனை தடவைக்கா கேட்டிருப்பாரு?”

“எது?”

“ஒப்புட்டு.”

அக்கா கொஞ்ச நேரம் கையிலிருந்த புழுதியைத் தட்டினாள். “அவரு போன அன்னிக்குக் காலையில ஒரு தடவைதான். நீ பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குத் துணி தெச்சுக்கிட்டு இருந்தே. பொந்துல தலைய வெச்சு, ‘அண்ணீ, வாசம் வருதுங்களே’ன்னாரு. மனசு கேக்கல, ஒண்ணு குடுத்தேன். பாதியப் பிச்சுத் தின்னாரு. மீதியத் திருப்பிக் குடுத்துட்டாரு.”

“அப்போ பையில இருந்தது?”

“எந்தப் பையில?”

சொன்னேன். சட்டை, காகிதம், எறும்பு எல்லாம்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

“அது உனக்குடி. ‘சுலோச்சனா என்னால ஆறு வருசமா இனிப்பே தொடறதில்ல. முழுசா ஒண்ணு குடுங்க, அவளைத் திங்க வெக்கிறேன்’னு காயிதத்துல சுத்தி வாங்கீட்டுப் போனாரு. நீ சுட்டெரிக்கிற மாதிரி வந்து கேட்டப்ப, அவரு தின்னதைத்தான் கேக்கறயாக்கும்னு நான் ஆமாம்னேன்.”

“பதினோரு வருசத்துல இதை ஒரு தடவை சொல்லியிருக்கலாமில்லீங்க.”

“நீ சுவரு கட்டீட்டயே.”

“சுவரு ஏழடிதானுங்களே. மேல காலியாத்தானே இருந்துச்சு.”

“அதான் தெனமும் இருமுனேன்,” என்றாள் அக்கா.

நான் அழுதேன். அக்கா அழவில்லை. தன் முந்தானையை எடுத்து நீட்டினாள். அதில் சிமெண்டுப் புழுதி இருந்ததால் முகமெல்லாம் வெள்ளையாகிவிட்டது. டீ குடிக்க வெளியே வந்த மாரப்பண்ணன் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பி உள்ளே போனார்.

செப்டம்பர் 24, ஞாயிறு

புதுத் தூண் நின்றுவிட்டது. எந்த மரம் என்பதில் நானும் அக்காவும் மூன்று நாள் ஒத்துப்போகவில்லை. நான் வேம்பு என்றேன், அவள் பழையபடி வெள்வேல் என்றாள். கடைசியில் ஜெசிந்தா இரண்டும் வேண்டாம் என்று கல் தூண் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. ஆகையால் சமாதானம்.

தார்சு வீட்டுப் பேச்சை நவநீதன் விட்டுவிட்டான். மூலனூர்த் தம்பி அக்காவைக் கூட்டிப் போகக் காரோடு வந்தார். “எங்க கூட்டிப் போறீங்க, கூரை மேயற நேரத்துல?” என்று நான்தான் கேட்டேன். அவர் என் முகத்தையும் அக்கா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

அக்டோபர் 1, ஞாயிறு

காலாண்டு விடுமுறை. ஆறு நாளில் மேய்ந்து முடித்துவிட்டார்கள். மாரப்பண்ணன் சொன்னபடியே ஒரு கோடியில் ஆரம்பித்து மறு கோடியில் இறங்கினார். நடுவில் எங்கும் தையல் இல்லை. இறங்கியதும் களத்தின் கடைசிக்குப் போய் நின்று, இடுப்பில் கை வைத்து, தன் கூரையைத் தானே வெகுநேரம் பார்த்தார். “இப்பச் சொல்லச் சொல்லுங்க, மாரப்பன் மேஞ்சது ஒழுகுதுன்னு,” என்றார்.

ஜெசிந்தா விடைபெற வந்தாள். படத்தை விரித்து வைத்து, நடுச் சுவரைப் போடுவதா வேண்டாமா என்று கேட்டாள். அளக்க வந்தபோது இருந்தது, இப்போது இல்லை.

அக்கா வேண்டாம் என்றாள். நான், புள்ளிக்கோடாகப் போடச் சொன்னேன். தையலைப் பிரித்தாலும் ஊசி போன தடம் துணியில் இருக்கத்தான் செய்யும். அதை இல்லை என்று சொல்வது சரியில்லை. அக்கா யோசித்துவிட்டு, சரி, ஆனால் மெல்லிசாகப் போடச் சொன்னாள்.

மோர் கொடுத்தோம். கொத்தமல்லி போட்டு.

அக்டோபர் 8, ஞாயிறு

சுவர் போனபிறகு ஆசாரம் ஒன்றாகிவிட்டது. ஆனால் வாசல் இரண்டு இருக்கிறது. ஒரு அறைக்கு இரண்டு வாசல் எதற்கு என்று காலையில் கோழிகளைத் திறந்துவிடும்போது அக்கா ஆரம்பித்தாள். ஒன்றை அடைத்துவிடலாம் என்றாள். எதை என்றேன். “உன்றதைத்தான். அதுல குனிஞ்சா இடுப்புப் புடிச்சுக்குது,” என்றாள்.

என் வாசலையா.

ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது. முதலில் வாசல். பிறகு அந்த வாசல் வழியாக யார் யார் வந்தார்கள், யாரை உட்காரச் சொல்லவில்லை என்பது. பிறகு என் கல்யாணத்தில் அவள் பிறந்த வீட்டாருக்குப் பந்தியில் அப்பளம் வராதது. அதற்கு நான், அவள் நாத்தனார் வளைகாப்பில் என்னை இரண்டாம் வரிசையில் உட்கார வைத்ததைச் சொன்னேன். அவள் எருமையைச் சொன்னாள். நான் வானொலியைச் சொன்னேன். பதினொரு மணிக்குப் பால்காரர் வந்து, “ஏனுங்க, ஊருக்குள்ளயே கேக்குதுங்க, இப்பத்தானே ராசி ஆனீங்க,” என்றார். உங்களுக்கு இதில் என்ன வேலை என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம். பாலை வாங்காமலே போய்விட்டார்.

பன்னிரண்டு மணிக்கு எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பத்து நிமிடம் கழித்து அக்காவுக்கும். நாளைக்கு வகுப்பில் எப்படிப் பேசப்போகிறேன் என்று தெரியவில்லை. அக்கா மிளகும் மஞ்சளும் தட்டிப் போட்டுப் பால் காய்ச்சி இரண்டு டம்ளரில் ஊற்றினாள். எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம். குரல் வராததால் மீதிச் சண்டையைக் கையாலும் புருவத்தாலும் போட்டுக்கொண்டிருக்கிறோம். இதை எழுதும்போதுகூட அவள் டம்ளரால் என் வாசலைக் காட்டி ஏதோ சொல்கிறாள்.

நான் பேனாவால் அவள் வாசலைக் காட்டுகிறேன்.